பைஸரின் பெயர் இல்லாத புத்தகம்

அன்று எங்கள் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் சரிபுதீன் ஆகிய நான். என் மனைவி உம்மு குல்சும். உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்கு அப்பால், மௌத்தாகிப்போன எங்கள் மகன் பைஸரின் மனைவி அசீசா. அவளை அழைத்துப்போகக் காரைக்காலிலிருந்து வந்திருந்த அவளுடைய தமையன் நெய்னா முகம்மது. கொழும்பிலிருந்து காலை ரயிலில் வந்த கணேசமூர்த்தி. கடைச் சிப்பந்தி சோலைமலை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடைச் சாவிக்காக வாசற்படியில் நின்றான். வேறு எவரும் அங்கே இருக்கவில்லை. இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை நான் அறிவேன். அவர்கள் அன்று எங்கள் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

எங்கள் பூர்வீகம் காரைக்கால். என் வாப்பா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களில் துணி மூட்டையைத் தலையில் சுமந்து தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கியவர். அவர் எவரிடமும் அளவு குறைத்துத் துணி கிழித்ததில்லை. நானும் கிழித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்றவன் பைஸர் ஒருவன்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, மஸ்கெலியாவில் ஒரு பாடசாலையில் ஆசிரியராக இருந்தான். அவனோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவர் கணேசமூர்த்தி. டிக்கோயாத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன் அவர். படிப்பு முடிந்ததும் கொழும்பில் தேயிலை வியாபாரிகளின் சங்கம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. பிரெஞ்சு பேசும் நாட்டு வியாபாரிகளோடு புதிதாகக் கொடுக்கல் வாங்கல் தொடங்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் உள்ள பொருளாதாரச் சொற்களுக்கும், வியாபாரச் சொற்களுக்கும், கடைசியில் நம் தோட்டப்புறத்துச் சொற்கள் சிலவற்றுக்கும் பிரெஞ்சில் சரியான சொல் வேண்டும். பிரெஞ்சு தெரிந்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். அவர்களுக்குப் பொருளாதாரம் தெரியவில்லை. கணேசமூர்த்தி பைஸரைத் தேடி வந்தார்.

பைஸருக்குப் பிரெஞ்சு தெரியாது. இதை நான் ஒளிக்கவில்லை, அவனும் ஒளிக்கவில்லை. அசீசாவுக்குத் தெரியும். அவளுடைய தகப்பனார் சைகோனில் பெரிய துணிக்கடை வைத்திருந்தவர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அவள் பெரிய மனுஷியாகும்வரை படித்தாள். பிறகு குடும்பம் காரைக்காலுக்குத் திரும்பியது. பைஸருக்கு அவளைப் பேசி முடித்தபோது பெண்ணுக்குக் குர்ஆன் ஓதத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றுதான் நாங்கள் விசாரித்தோம். பிரெஞ்சைப் பற்றி எவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

“எனக்குப் பாதி தெரியும், மத்த பாதி வீட்டுல இருக்கு” என்று பைஸர் கணேசமூர்த்தியிடம் சிரித்தானாம். அப்படியே வேலை தொடங்கியது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் உள்ளறையில் உட்காருவார்கள். அசீசாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பைஸர் ஒவ்வொரு சொல்லையும் தமிழில் விளக்குவான். இந்தச் சாமான் விலை ஏறினால் அந்தச் சாமான் ஏன் ஏறுகிறது, மழை பொய்த்தால் கூலி ஏன் இறங்குகிறது என்று கதைபோலச் சொல்லுவான். அவள் கேட்டு முடித்துவிட்டுப் பிரெஞ்சுச் சொல்லைச் சொல்லுவாள். அவன் திருப்பிக் கேள்வி கேட்பான். அந்தப் புத்தகத்தில் ஓர் எழுத்துக்கூடத் தமிழ் கிடையாது. ஆனால் அதிலுள்ள எல்லாச் சொல்லும் எங்கள் வீட்டில் தமிழ் வழியாகத்தான் அக்கரை போனது. சமையலறையிலிருந்து உம்மு குல்சும், “கலியாணமாகி ரெண்டு வருசம் ஆகுது, இன்னும் பள்ளிக்கூடப் புள்ளைங்க மாதிரிப் பாடஞ் சொல்லிக்கிட்டு இருக்குதுங்க” என்பாள். அவளுக்குப் பேரப்பிள்ளை இல்லையே என்ற கவலை.

வேலை பாதி தாண்டியிருந்தபோது பைஸர் இறந்தான். கடும் மழைக்காலம். மஸ்கெலியாவில் வகுப்பில் இருந்தவனுக்கு வயிற்றுவலி வந்திருக்கிறது. பாதையில் மண்சரிந்து பஸ் ஓடவில்லை. குடல்வால் வெடித்தபின்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடிந்தது. டாக்டர்மார் செய்யக்கூடியதைச் செய்தார்கள். நான் அவன் தலைமாட்டில் இருந்தேன். ஜனாஸாவை மறுநாள் அடக்கினோம். இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அசீசா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல், அந்நிய ஆண்கள் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவேண்டும். மாமனார் ஆகையால் நான் அவளோடு பேசலாம். பைஸருக்காகக் கத்தம் ஓதி முடிந்த பின்னர் கணேசமூர்த்தி வந்தார். என் முன்னால் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார். அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய காலம் நெருங்குகிறது. மிச்சம் முடியாவிட்டால் சங்கத்தார் கொழும்பில் ஒரு துரையிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவார்கள். அப்புறம் புத்தகம் அந்தத் துரையின் பெயரில்தான் வரும்.

“பைஸர் பேர்ல வரணும் முதலாளி. அதுக்குத்தான் வந்தேன்” என்றார்.

என் மகன் பிள்ளையில்லாமல் போனவன். அவன் பெயரைச் சொல்ல, அவனை அடக்கிய கபுரில் நட்ட மீசான் கல் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அச்சில் ஒரு புத்தகத்தின்மேல் அந்தப் பெயர் நிற்கும் என்றால், அதை வேறொருவனுக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. உள்ளே போய்த் திரைக்கு இப்பால் நின்று அசீசாவிடம் கேட்டேன். அவள், “யார் எனக்கு விளக்கம் சொல்லுவாங்க மாமா?” என்று கேட்டாள்.

நான் சொல்லுவதாக ஏற்றுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணேசமூர்த்தி வருவார். கடை முன்பகுதியில், உள்ளே குரல் எட்டாத இடத்தில் அவரை உட்காரவைத்தேன். அவர் சொல்லின் பொருளை எனக்குச் சொல்லுவார். நான் அதை மனத்தில் வாங்கிக்கொண்டு உள்ளே போவேன். திரைக்கருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அசீசாவுக்குச் சொல்லுவேன். அவள் ஏதாவது கேட்டால், திரும்ப எழுந்து கடைக்கு வந்து அவரிடம் கேட்டுப் போவேன். என் முழங்கால் அப்போதே சரியில்லை. எவர் முன்னாலும் நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

சில சொற்களுக்குக் கணேசமூர்த்தி எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு கடைக்கு ஊரில் உள்ள நல்ல பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. கடையை விற்றால் அதற்கும் சேர்த்து விலை வைப்பார்கள். நான் அசீசாவிடம், கடையை விற்றால் அலமாரியும் கதவுப் பலகையும் மாத்திரம் கைமாறுவதில்லை, அந்த வாசலுக்கு வந்து பழகிய கால்களும் சேர்ந்து கைமாறுகின்றன என்று சொன்னேன். அதற்கு அவள் வைத்த பிரெஞ்சுச் சொல், வாடிக்கைக்காரர் வந்துபோவதையே சொல்லும் சொல்லாம். கணேசமூர்த்தி அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதலாளி பேசாமல் பேராதனையில் பாடம் எடுக்கப் போகலாம் என்றார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை இன்றும் மறக்கவில்லை.

வேலையில்லாமல் இருப்பதற்கு அவர்கள் ஷோமாஜ் என்கிறார்கள். வெயில் நேரத்தில் வேலையை நிறுத்தி இளைப்பாறுவதிலிருந்து பிறந்த சொல் என்று அசீசாவுக்குக் கன்னியாஸ்திரி ஒருவர் சொல்லியிருக்கிறார். அதைக் கடை முன்பகுதியில் நான் சொன்னபோது, கணக்கு எடுத்துக்கொண்டிருந்த சோலைமலைக்கும் காதில் விழுந்தது. “வேலையில்லாட்டி எங்க லயத்துல அடுப்பு எரியாது மொதலாளி. அவங்க ஊர்ல இளைப்பாறுவாங்களாக்கும்” என்றான். தோட்டச் சொற்களில், கொழுந்து குறைவாக எடுத்தவளுக்கு அரைநாள் சம்பளம் போடுவதை அரைப்பேர் என்பதும் இருந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு; பேர் என்று போட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு விளங்காது என்று சொல்லி, அசீசா அரைநாள் கூலி என்றே எழுதினாள்.

ஒரு நாள் தேய்மானத்துக்கான சொல் வந்தது. யந்திரமும் கட்டடமும் வருடா வருடம் மதிப்பிழந்துபோவதைக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது. நான் சொல்லி முடித்தேன். திரைக்கு அப்பால் பேனாச் சத்தம் கேட்கவில்லை. என்னவென்று கேட்டேன்.

“சொல் தெரியும் மாமா. அமோர்திஸ்மான். அதுக்குள்ள மௌத்துங்கிறது இருக்கு” என்றாள்.

அன்று அதோடு எழுந்துவிட்டேன். கணேசமூர்த்தியை அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

உறவுக்காரர்கள் பேசினார்கள். இத்தாவில் இருக்கிறவள் கையில் தஸ்பீஹ் மணி இருக்கவேண்டுமேயொழிய பேனா இருக்கக்கூடாது என்றார் வலப்பனையிலிருந்து வந்த என் மைத்துனர். அவள் எந்த அந்நிய ஆணோடும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒவ்வொரு சொல்லும் என் வாய்வழியாகப் போய் என் வாய்வழியாக வந்தது, சந்தேகம் இருப்பவர்கள் மார்க்கம் தெரிந்தவரிடம் கேட்டு வரலாம் என்று பதில் சொன்னேன். அவர் கேட்டுவரப் போகவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இத்தா முடிவதற்கு முந்தின வாரம் வேலை முடிந்தது. கணேசமூர்த்தி தாள்களை வாங்கிக்கொண்டு போனார். தங்கையை அழைத்துப்போவதாக நெய்னா முகம்மது காரைக்காலிலிருந்து செய்தி அனுப்பினார். எதிர்பார்த்ததுதான். பிள்ளையில்லாத இளவயதுப் பெண்ணை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உம்மு குல்சும் மட்டும், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெய்னா வந்து இறங்கிய மறுநாள் கணேசமூர்த்தி வந்தார். நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த நாள் இதுதான். இத்தா முடிந்திருந்தபோதிலும் எங்கள் பெண்கள் அந்நியர் முன்னால் வரமாட்டார்கள் என்பதால் அசீசா திரைக்கு உள்ளேதான் இருந்தாள்.

கணேசமூர்த்தி கைப்பையிலிருந்து புத்தகத்தின் முதல் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒப்பு நோக்குவதற்காக அச்சகத்தில் அடித்துக் கொடுத்த தாள். மை வாசனை போகவில்லை. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். நடுவில் பைஸரின் பெயர், அதற்கு முன்னால் என் பெயரின் முதல் எழுத்து. உம்மு குல்சுமுக்கு வாசிக்கத் தெரியாது. எது என்று கேட்டாள். காட்டினேன். அதன்மேல் ஒரு விரலை வைத்தாள், எடுக்கவில்லை. அப்புறம் தாளை வாங்கித் திரைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நெய்னா ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். திரைக்குள்ளிருந்து உம்மு குல்சும் வெளியே வந்து, “அசீசாவுக்கு ஒரு வார்த்தை சொல்லணுமாம்” என்றாள். தன் பெயரையும் சேர்க்கக் கேட்கப்போகிறாள் என்று நான் எண்ணினேன். நான் எழுந்து திரையருகே போனேன். அவள் மெல்லத்தான் பேசினாள். கூடம் அமைதியாகிவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

“எம் பேரு வேணாம் மாமா. ஆனா அவங்க பேரைத் தனியாப் போட்டா அது பொய்யாயிடும். அவங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதுன்னு கூடப் படிச்சவங்க எல்லாருக்கும் தெரியும். மௌத்தானப்பொறவு கபுருக்குள்ள படிச்சான் போலன்னு சிரிப்பாங்க. அவங்களை யாரும் சிரிக்கக்கூடாது.”

நான் திரும்பிக் கணேசமூர்த்தியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அப்படியானால் ஏன் இப்படி அடித்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டவர் பைஸர் என்பதால் சங்கத்தில் அவர் பெயரைத்தான் சொல்லிவைத்திருப்பதாகவும், இரண்டு பெயரையும் போடத் தமக்கு முழுச் சம்மதம் என்றும் சொன்னார். இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு வரி சேர்ப்பதற்கு அச்சகத்தார் மறுக்கமாட்டார்கள் என்றார்.

நெய்னா அதுவரை காலை ஆட்டிக்கொண்டிருந்தவர், ஆட்டுவதை நிறுத்தினார்.

“தம்பி, ஒங்க கொழும்புல பொம்பளைங்க பேரு சினிமா நோட்டீஸ்லயும் வரும். எங்க ஊர்ல கலியாணக் கடுதாசியிலகூடப் பொண்ணு பேரு போடறதில்ல. இன்னார் மகள்னுதான் போடுவோம். மாமாவையே கேளுங்க, இந்தப் புள்ளை கலியாணக் கடுதாசி இங்கதானே அடிச்சது.”

உண்மை. அந்த அழைப்பை நான்தான் ஹட்டனில் அடிப்பித்தேன். பைஸரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே, காரைக்கால் அப்துல் ஹமீது மரைக்காயரின் மகளுக்கும் என்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

பெயர் வேண்டாமென்றால் பைஸரும் மனைவியும் என்று போடலாமே என்றார் கணேசமூர்த்தி. அது நல்ல யோசனையாக எனக்குப் பட்டது. நெய்னாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் இப்போது கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னோடு மட்டும் பேசினார்.

“மாமா, இவ வயசு ஒங்களுக்குத் தெரியும். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டியவ. பைஸர் மனைவின்னு உலகம் பூரா ஒரு புத்தகம் சுத்திக்கிட்டு இருந்தா, அந்த வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்? நீங்க ஒரு மகளைப் பெத்திருந்தா என்ன செய்வீங்க?”

அவர் பேசியது தவறு இல்லை. தன் வீட்டுப் பெண்ணின் மானத்தைக் காக்க ஒருவர் பேசும்போது, அவர் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் பேசியிருப்பேன்.

ஆக, பைஸரின் பெயர் வரவேண்டுமானால் இரண்டு வழி இருந்தது. அவன் தனியாகச் செய்தான் என்று ஊருக்குச் சொல்லலாம், அது பொய். அல்லது தமையன் சொல்லை மீறி, ஒரு பெண்ணின் வாழ்க்கையை வழிமறித்து உண்மையைச் சொல்லலாம். கணேசமூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரைப்பக்கம் திரும்பினேன்.

“உன் விருப்பத்தைச் சொல்லு புள்ளே” என்றேன்.

“அவங்க பேரு வரணும்னுதான் இத்தாவுல உக்காந்து எழுதினேன் மாமா” என்றாள். உம்மு குல்சும் உள்ளே போய்விட்டாள். இரண்டு பேரும் அழுவது கேட்டது. எவருடைய அழுகை எது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

தாளை வெளியே கொடுக்கச் சொன்னேன். கணேசமூர்த்தியிடம் பேனா கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தேன். நாற்காலியின் கைப்பிடிமேல் தாளை வைத்து, என் மகனின் பெயரைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். முன்னால் இருந்த என் எழுத்தையும் சேர்த்து அடித்தேன்.

“முதலாளி, யோசிச்சுச் செய்யுங்க. அவன் பேரு வேற எங்கயும் வராது” என்றார் கணேசமூர்த்தி.

“வராட்டி வரவேணாம் தம்பி. பொய்யா வரக்கூடாது” என்றேன்.

வாசற்படியில் நின்ற சோலைமலைக்குச் சாவியைக் கொடுத்துக் கடையைத் திறக்கச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அசீசாவும் அவள் தமையனும் கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்பட்டார்கள். ஹட்டன் ஸ்டேஷன்வரை நானும் உம்மு குல்சுமும் போனோம். பனி இறங்கியிருந்தது, எதிர் மேடையில் நின்றவர்கள் தெரியவில்லை. அசீசா பைஸரின் அகராதியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். உம்மு குல்சும் அவள் கையை விடவில்லை. வண்டி நகர்ந்தபோது நான்தான் பிரித்துவிட்டேன்.

புத்தகம் அந்த வருடக் கடைசியில் வந்தது. கணேசமூர்த்தி ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். முதல் தாளில் சங்கத்தின் பெயரும் கொழும்பு என்ற ஊர்ப்பெயரும் மாத்திரம் இருந்தன. அவற்றுக்கு மேலே நிறைய வெற்றிடம் இருந்தது. உம்மு குல்சும் வாங்கிப் பார்த்தாள். பெயர் இருந்த இடத்தை நினைவு வைத்திருந்து, அதே இடத்தில் விரலை வைத்தாள். அவள் இறந்து இரண்டு வருடமாகிறது.

அசீசாவுக்குக் காரைக்காலில் மறுமணம் நடந்தது. நல்ல மனிதர் என்று கேள்வி. இரண்டு பிள்ளைகள். கலியாணத்துக்கு முறைப்படி எனக்கு அழைப்பு வந்தது. நானும் முறைப்படி சீர் அனுப்பினேன். அந்த அழைப்பிலும் அவள் பெயர் இருக்கவில்லை.

இப்போது கடைவீதியில் ஒரு பேச்சு நடமாடுகிறது. மஸ்கெலியாவிலும் பேசுகிறார்களாம். கணேசமூர்த்தி எங்களை ஏமாற்றிவிட்டார், இறந்தவன் கேட்கவா போகிறான் என்று பைஸரின் பெயரை எடுத்துவிட்டார், அதனால்தான் அவருக்குக் கொழும்பில் உத்தியோக உயர்வு கிடைத்தது என்கிறார்கள். டிக்கோயாவில் இருக்கும் அவருடைய தகப்பனார் காதுக்கும் போய், வயதான மனிதர் என் கடைக்கு வந்து தலைகுனிந்து நின்றார். நான் அவரை உட்காரவைத்து, இதைச் சொன்னேன். மற்றவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

அந்தப் பேச்சு பொய். கணேசமூர்த்தி என் மகனின் பெயரை அச்சடித்துக் கொண்டுவந்தார். அதைக் கோடு போட்டு அடித்தவன் நான்.